குடலிறக்கமும் அதன் சிகிச்சையும்

நெசவாளருக்கும் உழவருக்கும் உடலே முதல். தறி பழுதுபட்டாலும், கிணற்று மோட்டார் நின்று போனாலும் சங்கத்தை நாடிக் கடன் பெற்றுச் சீர்செய்து கொள்ளலாம். உடல் பழுதுபட்டாலோ அன்றே கூலி நின்றுவிடுகிறது. இதை நம் அங்கத்தினர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. எனினும் சில பிணிகளை நாம் வெளியே சொல்லக் கூசி, ஆண்டுக்கணக்கில் வேட்டிக்குள்ளும் சேலைக்குள்ளும் மறைத்து வைத்துக்கொண்டே உழைத்து வருகிறோம். அவற்றுள் தலையாயது குடலிறக்கம். மருத்துவர்கள் இதனை ஹெர்னியா என்பர். உரிய காலத்தில் கவனித்தால் ஒரு மணி நேர அறுவைச் சிகிச்சையோடு தீரக்கூடிய இப்பிணி, கவனியாது விட்டால் சிற்சில வேளைகளில் உயிருக்கே உலை வைத்துவிடும். ஆதலின் இதைப் பற்றி இவ்விதழில் சற்று விரிவாகவே எழுதக் கருதுகிறோம்.

இந்நோய் இன்னது என்பது

நம் வயிற்றின் முன்புறச் சுவர் தசைகளாலும், அவற்றைப் பிணைக்கும் உறுதியான சவ்வுகளாலும் ஆனது. பாவும் ஊடையும் போல இத்தசைகளின் இழைகள் வெவ்வேறு திசைகளில் ஓடி, ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. குடல் முதலிய உள்ளுறுப்புக்களை உரிய இடத்தில் நிறுத்தி வைப்பது இச்சுவரே. ஆயினும் இச்சுவரில் இயற்கையாகவே சில இடங்கள் மெலிந்திருக்கின்றன. கவட்டுப் பக்கத்தில் ஆண்களுக்கு விரையிலிருந்து வரும் நாளம் உட்புகும் வழி, தொடைக்கு இரத்தக் குழாய் செல்லும் வழி, தொப்புள் ஆகியவை அத்தகைய இடங்கள். துணியில் இழை விலகிய இடத்தில் அழுத்தினால் விரல் புகுந்து கொள்வதைப் போல, வயிற்றினுள் அழுத்தம் மிகும்போது குடலின் ஒரு பகுதியோ, குடலைப் போர்த்திய கொழுப்புச் சவ்வோ அம்மெலிந்த இடத்தின் வழியே வெளியே பிதுங்குகிறது. இதுவே குடலிறக்கம்.

நிற்கும்போதும், இருமும்போதும், சுமை தூக்கும்போதும் வீக்கம் தோன்றும். மல்லாந்து படுத்தால் தானே உள்ளே சென்று மறையும். தொடக்கத்தில் வலி மிகுதியாக இராது. கவட்டில் இழுத்துப் பிடிப்பது போன்ற உணர்ச்சியும், மாலையில் ஒருவகைக் கனமும் மட்டுமே இருக்கும். இதனாலேயே பலர் இதனைப் பொருட்படுத்துவதில்லை.

இது அபூர்வமான நோயன்று. ஆண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 27 பேருக்கும், பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 3 பேருக்கும் வாழ்நாளில் என்றேனும் ஒருநாள் கவட்டுக் குடலிறக்கம் உண்டாகக்கூடும் என்று மருத்துவ நூலார் கணக்கிட்டிருக்கின்றனர். உலகெங்கும் ஆண்டுதோறும் இரண்டு கோடிக்கு மேற்பட்ட கவட்டுக் குடலிறக்க அறுவைகள் நடைபெறுகின்றன. இத்தனை பேருக்கு வரும் ஒரு நோயில் வெட்கப்படுவதற்கு என்ன இருக்கிறது?

அதன் வகைகள்

வயிற்றுச் சுவரில் உண்டாகும் பிதுக்கங்களில் நான்கில் மூன்று பங்கு கவட்டுப் பக்கத்திலேயே தோன்றுகின்றன. இவை ஆண்களிடம் மிகுதி. முற்றினால் விரைப்பைக்குள்ளும் இறங்கும். கவட்டு மடிப்புக்குச் சற்றுக் கீழே, தொடையின் தொடக்கத்தில் தோன்றும் சிறு பிதுக்கம் பெண்களிடம் ஒப்பளவில் மிகுதி. பார்வைக்குச் சுண்டைக்காய் அளவே இருப்பினும், அதன் வாயில் குறுகலானதாகையால் குடல் சிக்கிக் கொள்ளும் அபாயம் இதிலேதான் பெரிது.

தொப்புள் பிதுக்கம் குழந்தைகளிடமும், பல முறை கருவுற்ற தாய்மாரிடமும், உடல் பருத்தவரிடமும் காணப்படும். குழந்தைகளுக்கு இது பெரும்பாலும் நான்கைந்து வயதுக்குள் தானே மூடிக்கொள்ளும். அதன்மேல் நாணயம் வைத்துக் கட்டும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. அதனால் பயன் யாதும் இல்லை. தோல் புண்ணாவதே மிச்சம். ஆனால் குழந்தையின் கவட்டில் தோன்றும் பிதுக்கம் தானே மூடாது. அதனைக் கண்டவுடன் மருத்துவரிடம் காட்டி, அவர் சொல்லும் காலத்தில் அறுவை செய்துவிடுதல் வேண்டும்.

முன்பு வயிற்றில் அறுவை நடந்த தழும்பின் வழியே உண்டாகும் பிதுக்கம் மற்றொரு வகை. பிள்ளைப்பேற்றுக்காகவோ, குடல்வால் அழற்சிக்காகவோ வயிறு கீறப்பட்டவர்களுக்குச் சில மாதங்கள் அல்லது சில ஆண்டுகள் கழித்து இது வரலாம். தழும்பு உள்ள இடம் உப்பினால் அதைக் கொழுப்பு என்று எண்ணி இருந்துவிடலாகாது.

விரைப்பை வீங்கினால் அதெல்லாம் குடலிறக்கம் ஆகிவிடாது. விரையைச் சுற்றி நீர் கோத்துக்கொள்ளும் ஓதம் என்னும் வீக்கம் வேறு. கொசுவால் பரவும் யானைக்கால் நோய்க் கிருமி அதற்கு ஒரு காரணம். நீர் கோத்த வீக்கம் படுத்தாலும் மறையாது, இருமினாலும் துள்ளாது. இவ்விரண்டையும் பகுத்தறிய மருத்துவரின் கை போதும். சில வேளைகளில் ஸ்கேன் பரிசோதனையும் செய்வார்கள். திடீரென்று கடும் வலியுடன் விரை வீங்கினால், குறிப்பாகச் சிறுவர்க்கும் இளைஞர்க்கும், விரை முறுக்கிக் கொண்டிருக்கவும் கூடும். அதற்குச் சில மணி நேரமே தவணை. உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

ஏன் உண்டாகிறது?

சுமை தூக்கியதால்தான் குடல் இறங்கிற்று என்று நம்மில் பலர் சொல்வர். அது முழு உண்மையன்று. கருவில் இருக்கும்போது விரை வயிற்றிலிருந்து கீழிறங்கிய வழி, பிறப்புக்குப் பின் முற்றும் அடைபடாமல் சிலருக்குத் திறந்தே இருந்துவிடுகிறது. குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர்க்கும் வரும் வாய்ப்புக் கூடுகிறது. முதுமையில் சவ்வுகள் தளர்கின்றன. இவ்வாறு உள்ளிருக்கும் மெலிவை வெளிப்படுத்துவது வயிற்றினுள் திரும்பத் திரும்ப எழும் அழுத்தமே. நாட்பட்ட இருமல், மலச்சிக்கல், முதியவர்க்குச் சிறுநீர் கழிக்க முக்கவேண்டிய நிலை, உடற்பருமன், பலமுறை கருவுறுதல், கடுஞ்சுமை ஆகியவை அவ்வழுத்தத்தை உண்டாக்குவன. பீடி, சிகரெட் புகைப்போர்க்கு இருமல் ஒருபுறம் இருக்க, சவ்வின் உறுதியும் குறைகிறது.

நம் வட்டாரத் தொழில்களை எண்ணிப் பாருங்கள். பொன்னேரி, ஊத்துக்கோட்டைப் பக்கத்தில் நெல் மூட்டை சுமப்பவர், திருவாலங்காட்டுப் பக்கத்தில் கரும்புக் கட்டைத் தலைக்கு ஏற்றுபவர், பொதட்டூர்பேட்டையிலும் அம்மையார்குப்பத்திலும் பாவு சுற்றிய உருளையைத் தூக்கித் தறியில் ஏற்றுபவர், கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளில் இரும்பும் பெட்டிகளும் சுமப்பவர் ஆகிய யாவரும் இதில் கருத்துச் செலுத்த வேண்டியவர்களே. 1967-ஆம் ஆண்டில் சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம், வளர்ந்த ஆண் ஒருவர் கையால் சுமக்கும் பாரம் 55 கிலோவுக்கு மேற்படலாகாது என்று பரிந்துரைத்தது. அதற்கு மேற்பட்ட மூட்டையை இருவராய்த் தூக்குவது கோழைத்தனம் ஆகாது. முழங்காலை மடக்கி, சுமையை உடலோடு அணைத்து, மூச்சை அடக்காமல் எழுவதே முறை.

எப்பொழுது அபாயம்?

வெளியே வந்த குடல் திரும்ப உள்ளே போகாமல் சிக்கிக்கொண்டால், முதலில் அதன் வழியே உணவும் காற்றும் செல்வது தடைப்படும். பின்னர் அதற்கு வரும் இரத்த ஓட்டமும் நெரிபடும். இரத்தம் இன்றிக் குடல் சில மணி நேரத்தில் அழுகத் தொடங்கும். அந்நிலையில் குடலின் ஒரு பகுதியையே வெட்டி எடுக்க நேரிடும். உயிருக்கும் உறுதி சொல்ல இயலாது.

இதன் அறிகுறிகளை ஒவ்வோர் அங்கத்தினரும், அவர் வீட்டாரும் மனத்தில் இருத்திக் கொள்ள வேண்டும். வழக்கமாக உள்ளே போகும் வீக்கம் போகாமல் நின்று, கல்லைப்போல் இறுகி, தொட்டால் பொறுக்க முடியாத வலி எடுத்தல், அதன் மேலுள்ள தோல் சிவத்தல் அல்லது கறுத்தல், வாந்தி, வயிறு உப்புதல், மலமும் காற்றும் பிரியாமை. இவற்றுள் ஒன்றிரண்டு கண்டாலும் பொழுது விடியட்டும் என்று காத்திருத்தல் கூடாது. வீக்கத்தைப் பலவந்தமாக அமுக்கித் தள்ளுவதும், எண்ணெய் தேய்த்து உருவுவதும், பேதி மருந்து கொடுப்பதும் பெருந்தீங்கு. உணவோ நீரோ கொடாமல், 108 ஊர்தியை அழைத்து, அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்ல வேண்டும்.

எல்லோரும் அறுவை செய்துகொள்ள வேண்டுமா?

இவ்வினாவுக்கு நேர்மையான விடை தேவை. வட அமெரிக்காவில் வலி மிகக் குறைந்த கவட்டுக் குடலிறக்கம் உடைய 720 ஆண்களை இரு பிரிவாக்கி, ஒரு சாராருக்கு உடனே அறுவை செய்தும், மற்றொரு சாராரைக் கண்காணித்தும் நடத்திய ஓர் ஆய்வு 2006-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. காத்திருந்தோரில் குடல் சிக்கி அவசர நிலை எய்தியவர் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு இருவர்க்கும் குறைவே. ஆதலின் தொல்லை தராத சிறு பிதுக்கமுள்ள ஆண் மருத்துவரின் கண்காணிப்பில் காத்திருக்கலாம். எனினும் அவ்வாறு காத்திருந்தோரில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் பத்தாண்டுகளுக்குள் வலி மிகுந்து அறுவைக்கே வந்து சேர்ந்தனர் என்பதையும் மறைக்கலாகாது.

இதிலிருந்து நாம் கொள்ளத் தக்கது யாது? அறுவையைத் தவிர்ப்பது அரிது. ஆனால் காலத்தைத் தேர்ந்து கொள்ளலாம். நடவும் அறுவடையும் முடிந்த ஓய்வுக் காலத்திலோ, பண்டிகை ஆர்டர்களை முடித்துக் கொடுத்த பின்னரோ திட்டமிட்டுச் செய்து கொள்வது அறிவுடைமை. வலி உள்ளவர், வீக்கம் பெருகி வருபவர், உள்ளே தள்ள முடியாதவர் தாமதித்தல் கூடாது. பெண்களின் கவட்டு, தொடைப் பிதுக்கங்களுக்கு இக்காத்திருப்பு பொருந்தாது. அவர்கள் விரைவில் செய்துகொள்வதே நன்று.

கடைகளில் விற்கும் இடுப்புக் கச்சையும் பெல்ட்டும் வீக்கத்தைச் சிறிது நேரம் உள்ளே நிறுத்தி வைக்குமேயன்றி, துளையை மூடமாட்டா. கஷாயமும் லேகியமும் பற்றும் அவ்வாறே. கிழிந்த துணியை மருந்து தடவி ஒட்ட வைக்க முடியாது என்பது நெய்பவர்க்குத் தெரியாததன்று.

தையலும் ஒட்டும்

அறுவையின் வரலாறு நெசவாளர்க்குச் சுவையூட்டுவது. இத்தாலி நாட்டுப் பதுவா நகரத்து எடோர்டோ பாசினி என்னும் அறுவை மருத்துவர், 1887-ஆம் ஆண்டில் கவட்டுச் சுவரைப் படலம் படலமாகச் சேர்த்துத் தைக்கும் முறையை வெளியிட்டார். அதற்கு முன்பு அறுவை செய்தாலும் குடல் மீண்டும் இறங்குவதே வழக்கமாயிருந்தது. பாசினியின் முறை ஏறத்தாழ நூறாண்டு காலம் ஆட்சி செய்தது. எனினும் அதில் ஒரு குறை இருந்தது. விலகிய இரு ஓரங்களையும் இழுத்துத் தைப்பதால் தையலில் விசை ஏறுகிறது. இழுத்துத் தைத்த துணி தைத்த இடத்திலேயே மறுபடியும் கிழிவதை நாம் கண்டிருக்கிறோம் அல்லவா? வயிற்றுச் சுவரும் அதற்கு விலக்கன்று.

கிழிசல் பெரிதானால் இழுத்துத் தைக்காமல் ஒட்டுப் போடுவதே தையற்காரர் செய்வது. 1958-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் பிரான்சிஸ் அஷர் பாலிஎத்திலீன் இழையால் நெய்த வலைத்துணியை இதற்குப் பயன்படுத்தினார். பின்னர் அவரே பாலிபுரொப்பிலீன் இழையால் பின்னிய வலைக்கு மாறினார். நெய்த துணியை வெட்டினால் ஓரத்தில் இழை பிரியும். பின்னிய வலை அவ்வாறு பிரியாது, இருபுறமும் நெகிழ்ந்தும் கொடுக்கும். 1980-களில் இர்விங் லிக்டன்ஸ்டைன் என்பவர், ஓரங்களை இழுக்காமலே துளையின்மேல் வலையைப் பரப்பித் தைக்கும் முறையைப் பரப்பினார். வலையின் கண்களுக்குள் உடலின் திசு வளர்ந்து புகுந்து, ஊடையும் பாவும் போல ஒன்றிவிடுகிறது. இதனால் நோய் திரும்புவது வெகுவாகக் குறைந்தது.

அவ்வலையின் விலையோ ஏழைகளுக்கு எட்டாததாயிற்று. நம் நாட்டில் மகாராஷ்டிரத்து தொண்டாயிசா என்னும் சிற்றூரில் பணியாற்றிய அறுவை மருத்துவர் ரவீந்திரநாத் தொங்காவ்கர், கொசுவலைத் துணியைக் கிருமி நீக்கி அறுவைக்குப் பயன்படுத்தலாம் என்று கண்டு, பல மருத்துவர்களோடு சேர்ந்து ஆராய்ந்து, 2003-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார். பின்னர் உகாண்டா நாட்டில் 302 ஆண்களிடம் இதே வகை மலிவு வலையையும், கம்பெனி வலையையும் ஒப்பிட்டு நடத்திய ஆய்வு 2016-இல் வெளிவந்தது. ஓராண்டுக்குப் பின் மலிவு வலையினரில் ஒருவருக்கு மட்டுமே நோய் திரும்பிற்று. மற்றவரில் எவருக்கும் இல்லை. ஒரு வலை ஏறத்தாழ 1 டாலர். மற்றது ஏறத்தாழ 125 டாலர். இத்துணி இன்ன இழையால் ஆனது, எவ்வாறு கிருமி நீக்கப்படுவது என்பவற்றை அறிந்த மருத்துவர் கையாளுவது அது. வீட்டுக் கொசுவலைக்கும் அதற்கும் தொடர்பில்லை. விலை மிக்கதே சிறந்தது என்னும் மயக்கம் தேவையில்லை என்பதற்காகவே இதனை இங்கே எடுத்துரைத்தோம்.

அறுவைக்கு முன்னும் பின்னும்

கவட்டில் ஒரு கீறலிட்டுச் செய்வது ஒரு முறை. இதனை அவ்விடத்தை மட்டும் மரக்கச் செய்தோ, முதுகில் ஊசியிட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்தோ செய்யலாம். சிறு துளைகளின் வழியே கருவியும் காமிராவும் செலுத்திச் செய்வது லேப்ராஸ்கோப் முறை. இதற்குப் பெரும்பாலும் முழு மயக்கம் வேண்டும். வேலைக்குத் திரும்புவது சற்று விரைவாகும். செலவு சற்று மிகும். இருபுறமும் பிதுக்கம் உள்ளவர்க்கும், முன்பு செய்த இடத்திலேயே திரும்ப வந்தவர்க்கும் இது ஏற்றதாகலாம். எது தகுதி என்பதை மருத்துவரைக் கேட்டறிக.

அறுவைக்கு நான்கு வாரம் முன்பேனும் புகையை அறவே நிறுத்த வேண்டும். நீரிழிவு உள்ளவர் சர்க்கரையைக் கட்டுக்குள் கொணர வேண்டும். நாட்பட்ட இருமல், மலச்சிக்கல், சிறுநீர்த் தடை இருப்பின் அவற்றுக்கு முதலில் சிகிச்சை பெற வேண்டும். இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை உண்பவர் அதை மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

பெரும்பாலோர் அன்றோ மறுநாளோ எழுந்து நடந்து வீடு திரும்பலாம். சிறிது வீக்கமும் கன்றிய நிறமும் சில நாள் இருக்கும். இருமும்போது கையால் அவ்விடத்தைத் தாங்கிக் கொள்க. இலேசான வேலைகளை ஓரிரு வாரத்தில் தொடங்கலாம். தறி மிதிப்பதை எப்போது தொடங்கலாம் என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். மூட்டை தூக்குதல், நீர் இறைத்தல் முதலிய கடும் வேலைகளுக்கு நான்கு முதல் ஆறு வாரம் பொறுத்தல் நன்று. காய்ச்சல், சீழ், பெருகும் வலி, சிறுநீர் இறங்காமை கண்டால் தாமதியாது திரும்பிச் செல்க. பத்தில் ஒருவர்க்குக் கவட்டில் சிறு வலி சில மாதங்களோ அதற்கு மேலுமோ நீடிக்கலாம். இதனை முன்கூட்டி அறிந்திருப்பவர் வீணே அஞ்சமாட்டார்.

எங்கே செல்வது, செலவுக்கு என் செய்வது?

நம் மாவட்டத்தில் திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022-ஆம் ஆண்டு சனவரியில் திறந்து வைக்கப்பட்டது. பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, திருத்தணி ஆகிய ஊர்களிலும் அரசு மருத்துவமனைகள் உண்டு. முதலில் அருகிலுள்ள மருத்துவமனையில் காட்டி, அவர்கள் அனுப்பும் இடத்துக்குச் செல்வதே முறை. சென்னைக்குச் செல்ல வேண்டின், பழைய வண்ணாரப்பேட்டையில் ஸ்டான்லி மருத்துவமனையும், சென்ட்ரல் நிலையத்துக்கு எதிரே இராசீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையும் இருக்கின்றன. நம் இரு புறநகர் ரயில் பாதைகளும் சென்ட்ரலையே சென்றடைகின்றன என்பது நமக்கு வசதி.

2012-ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வரும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், குறைந்த வருமானமுள்ள குடும்பங்கள் சேரலாம். குடும்ப அட்டையும் வருமானச் சான்றும் கொண்டு அட்டை பெற்று வைத்துக்கொள்வது, நோய் வருமுன் செய்ய வேண்டிய வேலை. எந்த மருத்துவமனையில் எந்தச் சிகிச்சைக்கு அனுமதி உண்டென்பதை அறுவைக்கு முன்பே அங்குள்ள காப்பீட்டு அலுவலரைக் கேட்டறிய வேண்டும். ஆலைகளில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் உள்ளவராயின், சிகிச்சையோடு, விடுப்பு நாட்களுக்குச் சம்பளத்தில் நூற்றுக்கு 70 வீதம் நோய்க்கால உதவித்தொகையும் கோரலாம். ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்வோர் தம் பெயர் அதில் பதிவாகியிருக்கிறதா என்று இன்றே பார்த்துக்கொள்க.

ஆயினும் மருத்துவச் செலவைக் காட்டிலும், ஆறு வாரம் கூலி இல்லையே என்னும் அச்சமே நம்மவரைத் தடுத்து நிறுத்துகிறது. கூட்டுறவின் பொருள் விளங்க வேண்டிய இடம் இதுவே. ஓய்வில் இருப்பவரின் பாவை அண்டைத் தறிக்காரர் நெய்து முடித்துக் கொடுக்கலாம். அவர் வயலுக்கு நால்வர் கைம்மாற்றாக ஒரு நாள் உழைப்பைத் தரலாம். சங்கத்தில் சேமிப்புத் தொகை உள்ளவர், தம் கணக்கிலிருந்து என்ன பெறலாம் என்று செயலாளரை நாடி வினவலாம். வட்டிக்கடையை நாடுமுன் சங்கத்தை நாடுங்கள்.

வீக்கம் உள்ள அங்கத்தினர் இவ்விதழைப் படித்த வாரத்திலேயே ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுதல் வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். காத்திருக்கலாம் என்று அவர் சொன்னால் மனக்கவலை நீங்கும். அறுவை வேண்டும் என்று சொன்னால் நாளைக் குறித்துக்கொண்டு சங்கத்துக்குத் தெரிவியுங்கள். எழுதப் படிக்க அறியாத அண்டை வீட்டாருக்கும், குறிப்பாகத் தாய்மாருக்கும், அபாய அறிகுறிகள் பற்றி மேலே கூறிய பகுதியை வாசித்துக் காட்டுவது ஒவ்வோர் அங்கத்தினரின் கடமையாகும்.